ஒரு மணல் அடியில் படுத்தது

அந்தக் காலத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் வாய் இருந்தது. கடற்கரையில் ஒரு பாறைகூடக் கிடையாது; கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல்தான். அந்த மணலோ ஓயாமல் பெருமை பேசும்.

"நாங்க யாரு தெரியுமா? மேற்கே மேகம் வந்து தலையில உக்காருமே, அந்த மலை!"

சொன்னது பொய் இல்லை. வெயிலிலும் மழையிலும் மலை வெடித்தது, விழுந்த கல்லை ஆறு உருட்டியது, உருண்ட கல் உடைந்து பொடியாகிக் கடலோரம் வந்து சேர்ந்தது. உடம்பு தேய்ந்தும் வீறாப்பு மட்டும் தேயவில்லை.

அங்கே செம்பி என்றொரு நண்டு இருந்தாள். அவளுக்கு வயிறு நிறைய முட்டை. குஞ்சு பொரிக்கும் மட்டும் இடியாத வளை ஒன்று வேண்டும். தோண்டுவாள், அலை வரும், வளை மூடிவிடும். அன்றைக்குப் பௌர்ணமி வேறு. பொழுது சாய்ந்தால் கடல் பெருகி ஏறிவரும். அதற்குள் வளை நிற்காவிட்டால் முட்டை அத்தனையும் அலையோடு போய்விடும்.

"மலையாம் மலை! ஒரு நண்டு வளையைத் தாங்க வக்கில்ல" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள் செம்பி. "கொஞ்ச நேரம் ஒண்ணா ஒட்டி நில்லுங்களேன், புண்ணியமாப் போகும்!"

மணலுக்கு ரோஷம் வந்துவிட்டது. மலையாகவே நின்று காட்டுவோம் என்று எழுந்தது. அங்கேதான் வந்தது வினை.

"நான்தான் உச்சி" என்றது ஒரு மணல்.

"போடா, உச்சியில இருந்தது நான். கழுகு உக்காந்த தடம் இன்னும் முதுகுல இருக்கு" என்றது இன்னொன்று.

ஏறுவதும் சரிவதுமாக ஒரே அமளி. கீழே இருக்க ஒன்றுகூடச் சம்மதிக்கவில்லை.

அந்த நேரம் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்கிற முத்தாச்சி, தலையில் பானையோடு அந்த வழியாக வந்தாள். சங்கதியைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கூறுகெட்ட கூட்டமே, எல்லாரும் பல்லக்கு ஏறினா பல்லக்கைத் தூக்குறது யாரு? யாராவது முதல்ல கீழ படுங்க. மிச்சத்தை என் சுண்ணாம்பு பாத்துக்கிடும். ஆனா ஒண்ணு, இறுகிட்டா பிறகு காத்தோட ஊர் சுத்த முடியாது. வாயும் திறக்க முடியாது."

பெருமை பேசாமல் இருப்பதற்குச் செத்தே போகலாம் என்று மணலுக்குத் தோன்றியது. கடலோ நெருங்கி வந்துகொண்டிருந்தது.

அப்போது கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு மணல் சொன்னது: "அந்தப் புள்ள அழுறத என்னால பாக்க முடியல. நான் அடியில படுத்துக்கிடுதேன்."

படுத்தேவிட்டது. அதைப் பார்த்து வெட்கப்பட்டு அதன்மேல் இன்னொன்று படுத்தது, அப்புறம் ஒரு வரிசை, அதன்மேல் அடுத்த வரிசை. முத்தாச்சி வேகாத சிப்பித் துண்டுகளோடு பானையை அப்படியே கவிழ்த்தாள். இறுகுவதற்கு முன்னே செம்பி நடுவில் விறுவிறுவென்று வளை தோண்டி உள்ளே புகுந்துகொண்டாள்.

பெரிய அலை வந்தது. ஓங்கி அடித்தது. திரும்பிப் போனது.

வளை நின்றது! முத்தாச்சி வெறும்பானையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடினாள். 'பார்த்தீர்களா, நாங்கள் மலை!' என்று கூவ மணலுக்கு ஆசை ஆசையாக வந்தது. வாய் திறக்கவில்லை. அது பாறையாகிவிட்டிருந்தது.

சில நாளில் குஞ்சு பொரித்தது. முதல் குஞ்சு தத்தித் தத்தி மேலே ஏறி, நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கத்தியது: "அம்மா, நாம மலை மேல இருக்கோம்!"

பாறைக்கு அடிமுதல் நுனிவரை குளிர்ந்துபோனது.

அன்று முதல்தான் கடற்கரைப் பாறை அடுக்கடுக்காக, நடுநடுவே சிப்பி பதிந்து, வாய் பேசாமல் கிடக்கிறது. அலை அதிலிருந்து பெயர்த்துப் போடுகிற மணல் மட்டும், நம் காலடிக்கு வந்ததும் சரசரவென்று பழைய பெருமையை ஆரம்பித்துவிடுகிறது.