சூட்டோடு போடும் மருந்து

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடையாது. மருதாசலம் அய்யாவுக்கே அது நாற்பத்தொன்பதாம் நாள்தான் கிடைத்தது. அதுவரை எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

"அம்மிணி, என்ற காருக்கு ஆயுசு வேணும்!"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் அவர் பொள்ளாச்சியில் துளசிமணியின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தார். அவர் கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி முதலாளி, வயது அறுபது. அவள் கார் மெக்கானிக், வயது முப்பத்தொன்று. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வெளியே லாரி முதுகில் உட்கார்ந்திருந்தது.

"எத்தனை வருசமாச்சுங்க?"

"பன்னெண்டு."

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குது?"

"மூவாயிரத்தி எண்ணூறு." பொண்ணுக்கு முதல் ரேங்க் கிடைத்த தகப்பன் மாதிரிச் சொன்னார். "மழை பட்டதில்ல. வெயில் பட்டதில்ல. மூணு உறை, ஒண்ணு மேல ஒண்ணு."

"அப்புறம் ஏனுங்க லாரியில வந்துச்சு?"

மருதாசலம் லாரியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"போன வருசம் கோத்தகிரி மலையில ரெண்டாவது வளைவுலயே நின்னுபோச்சு. பின்னாடி சம்பந்தி வீட்டு ஆளுக அத்தனை பேரும். சம்பந்தி கண்ணாடிய இறக்கி, 'ஏனுங் சம்பந்தி, அதை ஹால்ல வெச்சு ரோசாச்செடி நடலாமுங்களே'ன்னாரு. இந்த வருசமும் ஏறலைன்னா வித்துப்போடறேன்னு வாய விட்டுட்டேன்."

"எப்ப மலையேறணும்?"

"இன்னும் ரெண்டு மாசம்."

ஒர்க்‌ஷாப் மூலையில் இன்னொரு கார் நின்றது. அதே கம்பெனி, அதே மாடல். கதவு நெடுக இளநீர்க் குலை உரசிய கோடுகள்.

"அது யாருது?"

"என்றதுங்க. மூணு லட்சத்தி இருவதாயிரம் ஓடிருச்சு."

மருதாசலம் கைகளைக் கூப்பியேவிட்டார்.

"என்ன மருந்து போடறே அம்மிணி?"

துளசிமணி இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அது வெளிய சொல்ற மருந்தில்லைங்க."

முதல் வாரம் காரைப் பிரித்துப் போட்டாள். கெட்டுப்போன பெட்ரோலை வடித்தாள். காய்ந்து வெடித்த ரப்பர் குழாய்கள், நின்ற இடத்திலேயே சப்பையாகிப்போன டயர்கள், செத்த பேட்டரி எல்லாவற்றையும் மாற்றினாள்.

"இது ரிப்பேரு. மருந்து இனிமேத்தானுங்க. ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்."

"இங்கயே விட்டுட்டுப் போகட்டுமா?"

"ஐயோ! தினமும் காலையில ஏழு மணிக்கு நீங்களே ஓட்டிட்டு வரணும். இஞ்சின் சூடா இருந்தாத்தான் மருந்து புடிக்கும்."

"பத்தியம்?"

"உறை ஆகாது. லாரி ஆகாது. டிரைவர் ஆகவே ஆகாது."

"மழை பேஞ்சா?"

"இன்னும் நல்லாப் புடிக்கும்."

முதல் நாள் அவரை ஒரு பால் வண்டி முந்திப் போனது. கடன்காரனைப் பார்த்ததுபோல் சாலையின் ஒவ்வொரு குழியையும் சுற்றிப் போய், வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

துளசிமணி பானெட்டைத் திறந்தாள்.

"செவுத்தப் பாத்து நில்லுங்க."

நின்றார். முதுகுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம். டிங், டிங், டிங். ஒரு மிடறு நேரம் அமைதி. மறுபடி டிங். பானெட் மூடியது.

"ஆச்சுங்க. போயிட்டு வாங்க."

காற்றில் ஏலக்காய் மணத்தது. மருந்தில் ஏலக்காயும் சேருது போல என்று நினைத்துக்கொண்டார் மருதாசலம். மருந்தின் மேல் மரியாதையும் கொஞ்சம் கூடியது.

இருபதாம் நாள் கண்ணீரோடு வந்தார்.

"வர்ற வழியில, கிணத்துக்கடவுல ஒரு ஆடு கொம்புல கோடு போட்டுருச்சு அம்மிணி!"

"திருஷ்டி கழிஞ்சுதுங்க. செவுத்தப் பாருங்க."

முப்பதாம் நாள் பால் வண்டியை இவர் முந்தினார். நாற்பதாம் நாள், யாரும் கேட்காமலே, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

நாற்பத்தெட்டு முடிந்தது. மறுநாள் மலை.

முதல் வளைவு. ஏறியது.

இரண்டாவது வளைவு. பின்னால் சம்பந்தி வேகத்தைக் குறைத்தார், வேடிக்கை பார்க்க வசதியாக. சிவப்புக் கார் ஒரு உறுமு உறுமியது. சம்பந்திக்குக் கடைசியாகத் தெரிந்தது அதன் பின்விளக்கு.

சம்பந்தி கோத்தகிரி போய்ச் சேர்ந்தபோது மருதாசலம் ஒரு தட்டு பஜ்ஜியை முடித்திருந்தார். சம்பந்தி காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

மருதாசலம் அங்கேயே போன் போட்டார்.

"அம்மிணி! ஏறிடுச்சு! சம்பந்தி வாயே தொறக்கல!"

"சந்தோசமுங்க."

"அந்த மருந்துல எனக்கு ஒரு பாட்டில் குடுத்துரு. இனி உனக்கும் சிரமம் வேண்டாம். ஷெட்டுல நிறுத்தி, நானே வாரம் ஒரு கரண்டி ஊத்திக்கறேன்."

"ஷெட்டுல புடிக்காதுங்க."

"உன்ற ஒர்க்‌ஷாப்புல மட்டும் புடிக்குதே?"

"இங்கயும் புடிக்கலைங்களே. இங்க நான் கரண்டியில கலக்குனது என்ற ஏலக்காய் டீயத்தானுங்க."

"அப்ப எங்கதான் புடிச்சுது?"

"கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவாலைங்க."

மருதாசலம் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போட்டது. மீசை மெதுவாகத் துடிக்க ஆரம்பித்தது.

"அடிப்பாவி!"