பத்துக்கு ஒன்பது அறையில் ஐந்து ஸ்பீக்கர்

“கூப்பிடறது பெரிசில்லீங்க. கூப்பிட்டுப்போட்டு…”

பணி ஓய்வு விழாவில் அப்பா பேசியதில், லீவில் வந்திருந்த பூபதிக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அதற்குள் மைக் கீச்சிட்டுவிட்டது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. மிச்சத்தையும் அப்பா சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, அன்றைக்கு மைக் செட் போட்ட சாந்தாமணியின் கடையில் வந்து நின்றான்.

“அக்கா, நீங்கதான் எனக்கு ஒரு வழி சொல்லோணும்.”

“எந்த ஊருக்குங்க?”

உடுமலையில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாவற்றுக்கும் சாந்தாமணியின் மைக் செட்தான். பூபதியைவிட இரண்டு வயது மூத்தவர். தொழில் கற்க வருகிறவர்கள் அவரிடம் பாதி நாள் திட்டு வாங்குவார்கள். மீதி நாள் பதிலே வாங்க மாட்டார்கள். ஆனாலும் வந்துகொண்டே இருந்தார்கள்.

பூபதி சொன்னான்.

இருபது வருஷம் ஹாலந்தில் வேலை. திரும்பி வந்து இரண்டு வருஷம். வீட்டிலேயே ஓர் அறைதான் ஆபீஸ். பத்துக்கு ஒன்பது அடி. அதே அறையில், கையைக் கடிக்காமல், ஒரு ஹோம் தியேட்டர். பழைய ஆம்ப்ளிஃபயர், யாரோ விற்ற ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு பேஸ் பெட்டி. எல்லாம் வீடியோ பார்த்து அவனே மாட்டியது.

“அப்பாவுக்காகங்க்கா.”

“அவரு கேட்டாரா?”

“கேக்கல. பொழுதே போக மாட்டேங்குதுன்னாரு. பழைய படம்னா அவருக்கு உசுரு. அதான்.”

“பாத்தாரா?”

“அஞ்சு நிமிஷம். ‘லாரி போற மாதர இருக்குது, பேசறது ஒண்ணும் வெளங்கல’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை தாராபுரத்துக்குப் போறாராம், தங்கச்சி வீட்டுக்கு. பையைக் கட்டி வெச்சுட்டாரு. போனா திரும்ப வரமாட்டாருக்கா. எனக்குத் தெரியும்.”

அன்று புதன்கிழமை.

சாந்தாமணி வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஏதாச்சும் சொல்லுங்களேன்!”

“நாளைக்கு வர்றேன்.”

“என்னென்ன கொண்டாருவீங்க? சத்தம் அளக்கற மீட்டர் இருக்குதா?”

“காது இருக்குது.”

பூபதிக்கு எரிச்சல் வந்தது. “அன்னிக்கும் அந்தக் காதோடதான வந்தீங்க? மைக்கை ஒழுங்கா வெச்சிருந்தா எங்கப்பா பேசினது நாலு பேருக்குக் கேட்டிருக்கும்.”

“ம்,” என்றார் சாந்தாமணி.



வியாழக்கிழமை காலை வந்தார். வெறும் கையோடுதான்.

பூபதியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். எதிரே திரை, அதன் கீழே ஆபீஸ் மேஜை. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. இடது சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் முக்காலி.

“இந்த நாற்காலில உக்கார்றது ஆரு?”

“நாந்தான்.”

“ஆம்ப்ளிஃபயரோட, அளவு எடுக்கச் சின்ன மைக் ஒண்ணு குடுப்பானே, அதை எங்க வெச்சு எடுத்தீங்க?”

“அதே நாற்காலிலதான். என் காது உசரத்துக்கு. டேப் போட்டு அளந்து வெச்சேன்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

சாந்தாமணி எழுந்தார்.

“பேஸ் பொட்டியைத் தூக்கி இதுல வைங்க.”

“நாற்காலி மேலயா?”

“ஆமா.”

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

“நீங்க தவழுங்க.”

பூபதி அவரையே பார்த்தான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. முழங்காலில் தேய்மானம் என்று போன மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

“வெளையாடறீங்களாக்கா?”

“பொட்டியைத் தூக்கீட்டு நாப்பது எடத்துல வெச்சுப் பாக்கறீங்களா, ஒருக்காத் தவழறீங்களா? பொட்டி நாற்காலில இருக்கறப்ப எங்க நல்லாக் கேக்குதோ, அங்க வெச்சா நாற்காலிக்கும் நல்லாக் கேக்கும்.”

பேஸ் பெட்டி நாற்காலி ஏறியது. மத்தள அடி ஒன்றை சாந்தாமணி திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பூபதி தரையில் இறங்கினான்.

மேஜைக்கு அடியில் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. கதவோரம் சத்தத்தையே காணோம். மூலையில் ஒரே இரைச்சல்.

“இன்னும் எவ்வளவு தூரங்க்கா?”

“அறை முடியற வரைக்கும்.”

“பத்தடிதான் இருக்குது!”

“அப்ப சீக்கிரம் முடிஞ்சுரும்.”

கதவருகே நிழல் தட்டியது. அப்பா. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, நான்கு காலில் நின்ற மகனைப் பார்த்தார்.

“என்னத்தடா தேடறே?”

“சத்தத்தைத் தேடறனுங்கப்பா.”

“ஆ?”

“சத்தமுங்கப்பா! சத்தம்!”

“நான் ஒண்ணும் சத்தம் போடலையே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாந்தாமணி சிரிக்கவில்லை. அதுதான் பூபதியை இன்னும் கடுப்பேற்றியது.

புத்தக அலமாரியின் காலடியில், திடீரென்று, அடி அடியாகக் கேட்டது. இரைச்சல் இல்லை.

“இங்கங்க்கா!”

“அப்ப அங்க வைங்க பொட்டியை.”

வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். லாரி போய்விட்டிருந்தது. துள்ளி எழுந்து அப்பாவைக் கூட்டிவந்தான்.

அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். படம் ஓடியது. பூபதி திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நிமிஷம்.

“இப்ப லாரி போகல,” என்றார் அப்பா. “பேச்சையுந்தான் காணோம்.”

எழுந்து போய்விட்டார். ஹாலில் பையின் ஜிப்பு இழுபடும் சத்தம் மட்டும் இந்த அறை வரைக்கும் நன்றாகக் கேட்டது.

“என்னக்கா இது!” பூபதிக்குத் தாங்கவில்லை. “அஞ்சு ஸ்பீக்கரு! வயர் இழுத்தே முதுகு போச்சு. மண்டி தேய்ஞ்சதுதான் மிச்சம். இன்னும் ரெண்டு வாங்கி மேல மாட்டட்டுமா?”

“உங்கப்பாவுக்கு எந்தக் காது?”

“எந்தக் காதுன்னா?”

“ஒண்ணுதானுங்களே கேக்குது.”

“ஆரு சொன்னா?”

“அன்னிக்கு மைக் கீச்சுன்னுச்சில்ல. அத்தனை சனமும் எம்மேல பாஞ்சுது. நீங்களும் நேத்துப் பாஞ்சீங்க. மைக்குக்கு ஒரு கேடும் இல்லீங்க. தான் பேசறது தனக்கே கேக்கலீன்னு உங்கப்பா மைக்கைக் கையோட எடுத்துட்டு ஸ்பீக்கர்கிட்டப் போயிட்டாரு. ஒரு காதை அதுகிட்டக் குடுத்துட்டு நின்னுதான் பேசினாரு. ஸ்பீக்கர் முன்னால மைக்கைக் கொண்டுபோனா அது கீச்சுங்காம பாட்டா பாடும்?”

பூபதி ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“எந்தக் காதுங்க்கா?”

“எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியோணுமில்ல.”

“எனக்கு எப்படிங்க தெரியும்?” கத்திவிட்டான். “இருபது வருஷம், வாரம் தவறாம, ஃபோன்ல பேசினேன். அவரு எந்தக் காதுல வெச்சுட்டுப் பேசறாருன்னு ஃபோன்ல தெரியுமா?”

சாந்தாமணி மேஜை மேலிருந்த அவனுடைய ஃபோனை எடுத்தார். அவன் கையில் கொடுத்தார்.



பூபதி கதவருகே வந்து நின்றான்.

அப்பா ஹாலில், அவனுக்கு முதுகைக் காட்டி, பையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எட்டடி தூரம்.

எண்ணை அழுத்தினான்.

மணி நான்கு தடவை அடித்தது. அப்பா சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். வலது கையால் எடுத்தார். இடது கைக்கு மாற்றினார். இடது காதில் வைத்தார்.

“அலோ.”

“அப்பா, நாந்தானுங்க.”

“பூபதியா? சொல்லு கண்ணு. சாப்ட்டியா?”

அப்பாவின் குரல் ஃபோனில் ஒரு தடவை வந்தது. எட்டடியிலிருந்து ஒரு தடவை வந்தது.

“சாப்ட்டனுங்கப்பா.”

“எங்கிருந்து கூப்புடறே?”

பூபதி ஃபோனைக் காதிலிருந்து இறக்கினான்.

“கேக்குதா? பூபதி?… எப்ப வர்றே?”



அறைக்குத் திரும்பினான். முக்காலியில் உட்கார்ந்தான். உள்ளங்கையால் வலது காதை இறுக மூடிக்கொண்டான்.

திரையில் ஒருவன் அழுதபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. இடது பக்கம் சுவர்.

சாந்தாமணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பூபதி எழுந்தான். நான்கு ஸ்பீக்கரைக் கழற்றினான். ஐந்தாவதை, சுழல் நாற்காலிக்கு இடது பக்கம், அப்பாவின் காது உயரத்துக்கு வைத்தான். அதற்குப் பக்கத்தில், அதே இடது பக்கம், தனக்கு முக்காலியைப் போட்டுப் பார்த்தான்.

இடம் போதவில்லை.

ஆபீஸ் மேஜையைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்தான்.