கோமதியின் வெள்ளை

“செத்துப்போனவகூட எப்படி டீச்சர் போட்டி போடுறது?”

கேட்டவள் செண்பகம். கோத்தகிரியில் கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுக்கும் ஷெரின் அவளைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் செண்பகத்துக்கு அவள் டீச்சர்தான்.

ஷெரின் ஊசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “யாரு அக்கா?”

“அவரோட மூத்த சம்சாரம், கோமதி. அவ வளர்த்த நாய் சுக்கு இன்னும் அவ ஸ்வெட்டர் மேலதான் படுக்குது. சோறு வைக்கிறது நான். குளிப்பாட்டுறது நான். தொட்டா விலகிப் போறான். அவரும் ‘பாவம், அவளைத் தேடுறான்’ங்கிறார். எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“சரி. இப்ப என்ன பின்னணும்?”

“சுக்கு நிறத்துல ஒரு மஃப்ளர். தலைவழியா மாட்டிக்கிறது. பழுப்பும் வெள்ளையும்.”

“நூல்?”

“பழுப்பு வாங்கிட்டேன். வெள்ளை வீட்டுல இருக்கு.”

வீட்டில் இருந்தது கோமதியின் ஸ்வெட்டர்தான்.

கணவர் தியாகு வெளியே போன நேரம் பார்த்து அதைப் பிரித்தாள். கழுத்து போனது, கை போனது, முதுகு போனது. நாய் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. செண்பகத்துக்கு மனசு குளிர்ந்தது.

ஷெரின் பிரியோஷ் என்ற இரட்டை நிறப் பின்னலைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே சுற்றை இரண்டு முறை போட வேண்டும். முதலில் பழுப்பு. அதே சுற்றில் மறுபடி வெள்ளை, பழுப்புக் கண்ணிகளோடு கோத்தபடி.

மஃப்ளர் முடிந்தது. மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சுக்கு ஓடி வந்தான். மேலே தாவினான். அவள் குனிந்ததும் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எடுக்கவே இல்லை.

வாசலில் நின்ற தியாகு நாயைப் பார்த்தார், மஃப்ளரைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் செண்பகம் மஃப்ளரை ஷெரின் மடியில் வீசினாள்.

“அவன் என்கிட்ட வரல டீச்சர். அவகிட்டதான் வந்தான். இந்த வெள்ளை அவளோடது. பிரிச்சது நான்தான். அதை மட்டும் உருவிக் குடுங்க.”

ஷெரின் கத்தரிக்கோலை நீட்டினாள். ஓரத்து முடிச்சைக் காட்டினாள்.

“நீங்களே உருவுங்க.”

செண்பகம் வெட்டினாள். ஆத்திரத்தோடு இழுத்தாள். வெள்ளை நூல் சுருள் சுருளாக வந்தது. கூடவே பழுப்புக் கண்ணிகளும் ஒவ்வொன்றாகப் பிடிவிட்டு நழுவின.

“ஐயோ, என்னோடதும் போகுதே!”

“ஆமா.”

ஒரு கண்ணி கீழே இறங்கியது. அடுத்ததும் இறங்கியது.

செண்பகம் இரண்டு கையாலும் விளிம்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நழுவின கண்ணிய மறுபடி கோக்கணும், அந்தக் குரோஷா ஊசிய எடுங்க. சீக்கிரம்!”