ராஜா இறங்கின யானைக்குழி

மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல கெம்பன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி மாதி. கெம்பனுக்கு யானைக்குழி வெட்டுறதுதான் வேலை. யானை நடக்குற தடத்துல ஆழமாக் குழி வெட்டி, மேல மூங்கிலை அடுக்கி, தழையைப் போட்டு மூடிருவான்.

அந்த நாட்டு ராஜா இருக்காரே, அவருக்கு ஒரு எடத்துல உக்கார முடியாது. இன்னைக்குக் கிளி வேணும்பாரு, நாளைக்கு மானு வேணும்பாரு, வந்ததும் சலிச்சுப்போயிரும். இப்ப யானைக்குட்டி வேணுமாம். திருவிழாவுக்குள்ள வரலேன்னா ஊரை விட்டே துரத்திருவேன்னு கெம்பனுக்கு ஆள் அனுப்பிட்டாரு. கெம்பனுக்குச் சோறு எறங்கலை. உக்காருவான், எந்திரிப்பான், குழியைப் போய்ப் பாத்துட்டு வருவான்.

ஒருநா காலையில பாத்தா, குழிக்குள்ள ஒரு குட்டி. மேல யானைக்கூட்டம் சுத்திச் சுத்தி வருது. காது கிழிஞ்ச கிழட்டு யானை ஒண்ணு தும்பிக்கையை உள்ள விட்டுத் தொட்டுப் பாக்குது, எட்டலை. மாதி அதைப் பாத்துட்டு, அந்தக் குட்டியை விட்டுருன்னு புருசன்கிட்டச் சொன்னா. விட்டா நாம எங்க போறதுன்னு அவன் கேட்டான்.

சேதி கேட்டு ராஜா ஓடி வந்தாரு. சேவகங்க தமுக்கடிச்சு, தீப்பந்தம் காட்டி, கூட்டத்தைக் காட்டுக்குள்ள வெரட்டிட்டாங்க. ராஜாவுக்குப் பொறுக்கலை. நானே கட்டி இழுத்துட்டு வருவேன்னு ஏணி வச்சு எறங்கி, கயித்தைக் குட்டி கழுத்துல மாட்டி, மறுமுனையைத் தன் இடுப்புல இறுக்கி முடிஞ்சுக்கிட்டாரு. யாராச்சும் அப்படிச் செய்வாங்களா? அவரு செஞ்சாரு.

அப்பப் பாத்துக் கூட்டம் திரும்பி வந்துருச்சு. சேவகங்க ஒருத்தன் பாக்கியில்லாம ஓடிட்டாங்க. கெம்பனும் மாதியும் மரத்து மேல ஏறிக்கிட்டாங்க. ஏணி யானைக் காலடியில நொறுங்கிப்போச்சு.

கிழட்டு யானை குழி ஓரத்தைக் காலால இடிச்சுச்சு. மண்ணு சரிஞ்சுச்சு. என்னைப் பொதைக்குதுடான்னு ராஜா அலறுனாரு. இன்னொண்ணு மரக்கெளையை ஒடிச்சு உள்ள போட்டுச்சு. ராஜா அலறுனாரு. வேறொண்ணு கல்லை உருட்டி விட்டுச்சு. ராஜா அலறுனாரு. ஆனா குட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? மண்ணு மேல ஏறி நின்னுச்சு, கெளை மேல ஏறி நின்னுச்சு, கல்லு மேல ஏறி நின்னுச்சு.

மாதிக்கு அப்பத்தான் வெளங்குச்சு. மரத்துல இருந்து சொன்னா: "ராஜா, கத்தாதீங்க. அதுங்க உங்களைப் பொதைக்கலை. புள்ளைக்குப் படி கட்டுதுங்க. நீங்களும் கூடவே ஏறுங்க."

ராஜா கயித்தை அவுக்கப் பாத்தாரு. இறுக்கிப் போட்ட முடிச்சு, அவுறலை. அதுக்குள்ள குட்டி மேல ஏறி ஒரே ஓட்டம் எடுத்துச்சு. அப்புறம் என்ன, குட்டி முள்ளுக்குள்ள ஓடுனா ராஜாவும் முள்ளுக்குள்ள, சேத்துல ஓடுனா ராஜாவும் சேத்துல, ஓடையில எறங்குனா ராஜாவும் ஓடையில.

ஓடைக்கு அந்தாண்ட கிழட்டு யானை குட்டியை மறிச்சுச்சு. கயித்தை மோந்து மோந்து ராஜாகிட்ட வந்து நின்னுச்சு. மரத்துல இருந்து எறங்கிப் பின்னாலயே ஓடி வந்த கெம்பன் கண்ணை மூடிக்கிட்டான். அது மிதிக்கலை. தும்பிக்கை நுனியால குட்டி கழுத்துச் சுருக்கை மெல்லத் தளத்தி எடுத்து, ராஜா மேலயே போட்டுட்டுத் தன் கூட்டத்தோட போயிருச்சு.

கெம்பன் அவரைத் தூக்கி உக்கார வச்சான். "ராஜா, இனிமே குழி வெட்ட மாட்டேன். துரத்துறதுன்னா துரத்துங்க"ன்னான். ராஜா இடுப்புக் கயித்தை அவுத்துப் போட்டுட்டு நொண்டி நொண்டி நடந்தாரு.

அரமனைக்குப் போயும் அவருக்கு இருப்புக் கொள்ளலை. படுத்தா நெஞ்சு மேல மண்ணு சரியிற மாதிரியே இருக்கு. வைத்தியம் பாத்தாங்க, கேக்கலை. காட்டுல குழி இருக்குற வரைக்கும் தூக்கம் வராதுன்னு, கடைசியில அவரே மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. கெம்பனும் மாதியும் குழியைக் காட்டக் காட்ட, காடு முழுக்கத் தன் கையாலயே மூடுனாரு. கை காப்புக் காச்சுப்போச்சு. கடைசிக் குழியை மூடின அன்னைக்குத்தான் மனுசனுக்குத் தூக்கம் வந்துச்சாம்.

காட்டுல இருக்குறதுக்கும் புள்ளை புள்ளைதான், அறிவு அறிவுதான். அதைப் புடிச்சுக் கட்டி வைக்க நமக்கு என்ன உரிமை?

குழியும் தூந்துச்சு, கதையும் தீந்துச்சு.