ஆள் இல்லாத மூட்டை

ரயில்வே பாலத்தடிக்குத் தினமும் காலையில் ஒரு மருத்துவ வண்டி வரும். இன்றைக்கும் வருகிறது. அது நின்றுபோக இருந்த சமயத்தில் நடந்தது இது.

வண்டியின் டாக்டர் நாச்சியார். வயது நாற்பது. அவருடைய சீடர் அருளப்பனுக்கு அறுபத்தெட்டு. பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கத்தி பிடிக்கத் தெரியும். தெருவுல நிக்கத் தெரியாது. சொல்லிக் கொடுங்கம்மா" என்று ஒருநாள் வந்து சேர்ந்தார்.

"சொல்லிக் கொடுக்கவெல்லாம் நேரமில்ல சார். கூட நில்லுங்க" என்றார் நாச்சியார்.

நின்றார்.

வண்டி நகராட்சிப் பணத்தில் ஓடியது. அந்தப் பணத்தை நிறுத்திவிடலாமா என்று மறுநாள் நகர்மன்றத்தில் பேச இருந்தார்கள். வண்டியின் பக்கம் பேச அருளப்பன் போவதாக ஏற்பாடு. அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பெரியாஸ்பத்திரி இந்தா தெரியுது. கூப்பிடு தூரம். எல்லாம் இலவசம். இவங்க நடந்து போய்க் காட்டிக்கலாம். அப்புறம் ஊர்ப்பணத்துல வண்டி எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? எனக்கே தெரியலையே."

நாச்சியார் சொர்ணத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொர்ணத்துக்குப் பாலத்தின் மூன்றாவது தூணடிதான் வீடு. சர்க்கரை நோய். உள்ளங்காலில் புண் ஆழமாக இறங்கியிருந்தது.

"எலும்பைத் தொட்டிருக்கான்னு படம் எடுத்துப் பாக்கணும். அது இந்த வண்டியில இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்?"

"போறேன் டாக்டரம்மா."

"எப்ப?"

"போறேன்."

அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியே விட்டா காலை எடுக்கணும்மா. இவ்வளவு அலட்சியமா?"

சொர்ணம் அவரைப் பார்க்கவில்லை. தூணடியில் கிடந்த மூட்டையைப் பார்த்தார். கிழிந்த ஃப்ளெக்ஸ் பேனரில் கட்டியது. எந்தக் கட்சிக்காரரோ, பாதிச் சிரிப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"அதுதான் கவலையா? மூட்டையைத் தூக்கி வண்டியில போடு" என்றார் அருளப்பன்.

"மூட்டையை எடுத்தா எடம் போயிரும் சார். விட்டுட்டுப் போனா மூட்டை போயிரும், இங்க அவங்கவங்க மூட்டையைக் காக்கவே ஆள் பத்தாது. இந்தத் தூண்லதான் ராத்திரி பூரா லைட்டு எரியும். எதிர்ல டீக்கடை, ஆள் நடமாட்டம். பொம்பளை தனியாப் படுக்க இந்த ஊர்ல வேற எடம் எது?"

நாச்சியார் கையுறையைக் கழற்றினார்.

"சார், அங்க போய் உக்காருங்க."

"எங்கம்மா?"

"மூட்டை பக்கத்துல. சொர்ணக்கா, வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுட்டு நாங்க மார்க்கெட் பக்கம் போறோம். சாயங்காலம் கூட்டிட்டு வர்றோம். அதுவரைக்கும் இவர் இருப்பார்."

சொர்ணம் அருளப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"நடுவுல எந்திரிச்சுப் போயிர மாட்டாரே?"

"நான் டாக்டர்ம்மா."

"அதான் கேக்குறேன்."

வண்டி போய்விட்டது.

அருளப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அடுத்த தூணடியில் சிக்கந்தர். ஒரு கால் இல்லாதவர்.

"புதுசா சார்?"

"இல்லல்ல. இது சொர்ணத்தோட மூட்டை. சும்மா பாத்துக்கிறேன்."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ஜனங்கள் போனார்கள். கீழே உட்கார்ந்தால் முகம் தெரியாது. கால்தான் தெரியும். ஒரு நடை தெரிந்த நடையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவர் கையால் அறுவை சிகிச்சை பெற்றுப் பிழைத்த ஆள். அருளப்பன் ஆசையாகக் கையைத் தூக்கினார். அந்த ஆள் பார்வையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்.

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூட்டை மேல் வைத்தார்.

உச்சி வேளையில் வேறு அவசரம் வந்தது.

"சிக்கந்தர், இதைக் கொஞ்சம் பாத்துக்க. ஒதுங்கிட்டு வந்துர்றேன்."

"மாட்டேன்."

"ஏன்யா?"

"பழகாத ஆள் காவல்ல இருக்கிற மூட்டையை நாங்க தொடுறதில்ல. நாளைக்கு ஒரு டம்ளர் காணோம்னா என் தலை உருளும். இங்க வழக்கம் அப்படி."

"பழக என்ன செய்யணும்?"

"உக்காந்திருங்க. பாப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நகராட்சி லாரி வந்தது. பாலத்தடியைச் சுத்தம் செய்ய. மேஸ்திரி ஒருவர் இறங்கினார். பின்னால் வந்தவர்கள் கடைசித் தூணடியில் கிடந்த பாயைச் சுருட்டி லாரிக்குள் எறிந்தார்கள். ஒரு பானையும் போனது.

"யோவ், அது ஆளுள்ள பாய்!" சிக்கந்தர் கத்தினார். "தண்ணி பிடிக்கத்தான் போயிருக்கான்!"

"நான் என்ன செய்ய? ஆள் இல்லாத மூட்டை குப்பைன்னுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றார் மேஸ்திரி. சண்டைக்குச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

மூன்றாவது தூணடிக்கு வந்தார்.

"இந்த மூட்டை யாருது?"

சொர்ணத்துடையது என்றால், சொர்ணம் எங்கே என்பார். அருளப்பன் யோசிக்கவில்லை. மூட்டையை மடியில் இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"என்னுது."

மேஸ்திரி அவருடைய சலவைச் சட்டையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார்.

"உங்களுதா?"

"என்னுதுதான்யா. போ அந்தப் பக்கம்."

லாரி போனது. அருளப்பனின் கை உடனே பிரியவில்லை.

சிக்கந்தர் தரையில் கையை ஊன்றி நகர்ந்து வந்தார். மூட்டை மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போய் ஒதுங்கிட்டு வாங்க சார். நான் இருக்கேன்."

சாயங்காலம் வண்டி திரும்பியது. சொர்ணம் இறங்கினார். காலில் வெள்ளைக் கட்டு. முதலில் மூட்டையைப் பார்த்தார். அப்புறம் அருளப்பனை.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லையாம் சார். நல்லாத்தான் பாத்தாங்க. கூட்டம், அதான் நேரமாயிருச்சு. இனிமே தினம் கட்டு மாத்தணுமாம். விட்டா கால் போயிருமாம்."

"மூட்டையைப் பிரிச்சுப் பாத்துக்கங்கம்மா. எல்லாம் இருக்கா?"

"வேணாம் சார்."

சொர்ணம் முந்தானையிலிருந்து ஒரு இட்லிப் பொட்டலத்தை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கொடுத்தது. பிரித்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"சாப்பிடுங்க. மூட்டையை விட்டுட்டு எங்க போய்ச் சாப்பிட்டிருக்கப் போறீங்க."

அருளப்பன் ஒரு இட்லியை எடுத்துக்கொண்டார். மிச்சத்தைச் சொர்ணத்தின் பக்கமே தள்ளினார்.

"நாளைக்கும் உக்காருவீங்களா சார்?"

அருளப்பன் நாச்சியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு மன்றம் இருக்கேம்மா. நான் பேசப் போறதா, இங்க உக்கார்றதா?"

"பேசப் போங்க. அக்கா காலுக்கு நானே இங்க வந்து கட்டு மாத்துவேன். வண்டி நின்னுபோச்சுன்னா அக்கா தினம் ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீங்க தினம் வந்து உக்காருங்க."

"தூண் எதுவும் காலி இல்ல, சொல்லிட்டேன்" என்றார் சிக்கந்தர். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரம்மா, இன்னிக்கு லாரி வந்துச்சு. மேஸ்திரி வந்து மூட்டை யாருதுன்னு கேட்டாரு. சார் அசையல" என்றார்.

நாச்சியார் தலையை மட்டும் ஆட்டினார். வண்டிப் படியில் கால் வைத்தார்.

"அம்மா" என்றார் அருளப்பன். இட்லி இன்னும் கையில் இருந்தது. "காலையில ஒண்ணு கேட்டேன். நாளைக்கு அங்க என்ன சொல்லணும்னு. நீங்க பதிலே சொல்லல."

நாச்சியார் படியிலேயே நின்றார்.

"மேஸ்திரி கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"என்னுதுன்னு சொன்னேன்."

"நாளைக்கு அங்க இந்த வண்டியும் ஆள் இல்லாத மூட்டைதான். அதையே அங்கயும் சொல்லுங்க."