தெற்குச் சுவர்ப் பல்லி

நம் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் பிறக்காத காலத்தில், வேங்கைமலை நாட்டை ஒரு ராஜா ஆண்டார். நல்ல ராஜாதான். பல்லி கத்தினால் மட்டும் நடுங்கிவிடுவார். தெற்குச் சுவரில் பல்லி கத்தினால் ஆகாது என்று அவருக்குச் சொல்லிவைத்தவன் மந்திரவாதி கூளிமுத்தன். சொன்னதோடு விட்டானா? பல்லிக்கு ஒரு மந்திரமும் போட்டான். அது தெற்கே கத்தினால், ஒரு நாழிகைக்குச் சபையில் இருப்பவர்களின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

அரண்மனையில் விளக்கேற்றுகிறவள் செங்காயி. அவள் குடிசையும் இரண்டு பிள்ளைகளும் ஏரிக்கரைக்குக் கீழே.

அந்த ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை. ஏரி மடையின் சாவியோ ராஜாவின் இடுப்பில்.

"மகாராஜா, ஏரிக்கரை கசியுது! மடையைத் திறந்தாத்தான் ஊர் பிழைக்கும்!" என்றாள் செங்காயி.

ராஜா எழுந்தார். ச்சு ச்சு ச்சு. கால் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாழிகை கழித்து எழுந்தார். ச்சு ச்சு ச்சு. மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

"அழியப்போற ஊருக்கு அவசரம் எதுக்கு?" என்று சிரித்தான் கூளிமுத்தன். ஊர் போனால் கோட்டை அவனுக்குத்தான்.

இரண்டாம் முறை கால் விடுபட்டபோது செங்காயி அண்ணாந்து பார்த்தாள். விளக்கைச் சுற்றி ஈசல். ஈசல் பக்கத்தில் பல்லி. விளக்கைத் தெற்கே மாட்டச் சொன்னது யார்? கூளிமுத்தன். மூன்று வருஷமாக மாட்டி வந்தது யார்? அவளேதான்!

விளக்கைக் கழற்றிக்கொண்டு கிழக்குச் சுவருக்கு ஓடினாள்.

"அடியே! இருந்த இடத்துல வைடி!" என்று கத்தினான் கூளிமுத்தன்.

"நீங்களே வந்து மாட்டுங்க சாமி!"

விளக்கின் பின்னால் ஈசல் போயிற்று. ஈசலின் பின்னால் பல்லி போயிற்று. கிழக்கே ச்சு ச்சு ச்சு. யார் காலும் ஒட்டவில்லை.

ராஜா கைகூப்பினார். "பல்லியாரே, என்ன சொன்னீர்?"

அதுவரை அதனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் மந்திரம் படீரென்று அறுந்தது.

"பசிக்குதுன்னு சொன்னேன். தெற்கே இருந்தப்பவும் அதையேதான் சொன்னேன்" என்றது பல்லி.

அறுந்த மந்திரம் போட்டவன் காலிலேயே போய் ஒட்டியது. கூளிமுத்தன் கல்லாய் நின்றான்.

"நீ ஓடு தாயி, என்னைவிட நீதான் வேகம்" என்று ராஜா சாவியைக் கொடுத்தார்.

செங்காயி ஓடினாள், மடை திறந்தது. வெள்ளம் ஆற்றோடு போயிற்று. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த பிள்ளைகள் இரண்டும், "அம்மா, பசிக்குது" என்றன.

சாவி அன்றிலிருந்து செங்காயியின் இடுப்பில்தான். கூளிமுத்தன் அப்படியே சபை நடுவே நின்றுவிட்டான். அவன் தோளில்தான் அவள் தினமும் விளக்கை மாட்டினாள். பல்லியும் நன்றாகக் கொழுத்துவிட்டது.