வாடை இருக்கா, புஷ்பம்?

தூத்துக்குடி இறால் கம்பெனி ஒன்றில் குளிரூட்டும் மெஷின் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னாசி. முப்பது வருஷமாக அமோனியா வாயுவோடு குடித்தனம் நடத்துகிறவர். அவரிடம் தொழில் பழக வந்தவன் சூசை.

வந்த புதிதில் கண் எரிந்து, மூக்கு ஒழுகி, சூசைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் பழகிவிட்டது. இப்போதெல்லாம் மாஸ்க்கை ஆணியிலேயே விட்டுவிட்டு ஜம்மென்று உள்ளே போவான். எனக்கு வாடையே தெரியாது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வான். இன்னாசி காதில் வாங்கியதாகவே காட்டமாட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம். காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே காலை வைக்கமாட்டார். இறால் உரிக்க அந்த வழியாக வரும் புஷ்பத்தை நிறுத்தி, வாடை இருக்கா என்று கேட்பார். இல்லை என்பாள். "நல்லா இரு தாயி" என்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

சூசைக்கு மானமே போனது. ஒருநாள் கேட்டேவிட்டான்.

"முப்பது வருஷ ஆளு, இறால் உரிக்கிற பொம்பளகிட்டப் போயி கேக்கணுமா அண்ணாச்சி?"

இன்னாசி ஆணியில் தொங்கிய மாஸ்க்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

அடுத்த வாரம் ஒரு காலை, கதவருகே வந்த புஷ்பம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"கண்ணு கரிக்குது அண்ணாச்சி."

சூசை மூச்சை இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை, இவளுக்குப் பிரமை என்றான். இன்னாசி அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். பக்கத்துக் கூடத்தில் இறால் உரிக்க உட்கார்ந்துவிட்ட நாற்பது பெண்களையும் காற்று வரும் பக்கமாகக் கூட்டிப்போகும்படி அவனிடம் சொன்னார். முழு உடுப்பும் மாஸ்க்குமாக, இன்னொரு ஆபரேட்டரோடு உள்ளே போய் வால்வை அடைத்தார்.

வெளியே வந்தவர் கையில் வாயுவைச் சோதிக்கும் ஈரத்தாள் இருந்தது. சிவப்பாக உள்ளே போனது, நீலமாக வந்திருந்தது.

சூசை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் கதி என்ன, அந்த நாற்பது பேர் கதி என்ன என்று நினைத்தவன் நேரே புஷ்பத்திடம் போனான்.

"ஒன்னாலதான்க்கா உயிரோட நிக்கேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டான். அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. கண் கரித்தது, சொன்னேன், இதுக்குப் போயி அழுவாங்களா என்றாள்.

மறுநாள் பஸ் லேட். புஷ்பத்தைக் காணோம். வாசலிலேயே என்ன நிற்கிறீர்கள் என்று மேனேஜர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். சூசை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

"மாஸ்க்தான் இருக்கே அண்ணாச்சி. போவமா?"

இன்னாசி கேட் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"இருலே. நம்ம மூக்கு இன்னும் வந்து சேரல."